மாணவர்களுக்குத் தனி மெசேஜ் வேண்டாம்

ஆசிரியர்களுக்கு வணக்கம். நேற்று ஒரு மாணவியின் அம்மா வந்து போனைக் காட்டினார். இரவு 10.45-க்கு நம் ஆசிரியர் ஒருவரின் மெசேஜ்: "இன்னும் தூங்கலையா?" எண்ணம் என்ன என்பதை விசாரணை பார்த்துக்கொள்ளும். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுப்பாடமோ விடுமுறையோ, இனி பெற்றோர் இருக்கும் வகுப்புக் குழுவில் மட்டும் போடுங்கள். இன்ஸ்டாவில் பிள்ளைகளின் ரிக்வெஸ்ட்டை ஏற்க வேண்டாம்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்கவும் வேண்டாம். சொன்ன வார்த்தையிலேயே எழுதி அன்றே என்னிடம் கொடுங்கள். போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும்) சட்டம் 2012, பிரிவு 19-இன்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிப் பெயர் கெடும் என்று மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. புகார் என் மீதே என்றால் நேராக 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

— தலைமையாசிரியர்