புயல் நேரத்தில் எதைப் பகிர்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கிய இரவில், வேளச்சேரியில் தனியாக இருக்கும் என் அத்தையை எத்தனை முறை அழைத்தாலும் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற பதிலே வந்துகொண்டிருக்க, எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவிலோ பருவநிலை மாற்றம் உண்மையா பொய்யா என்ற வாக்குவாதம் நள்ளிரவைத் தாண்டியும் ஓயவில்லை. "எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியிருக்கிறது?" என்று நான் கேட்ட கேள்வி அந்தச் சண்டைக்குள் காணாமல் போனது.

வெப்பமாதல்தான் புயலையே உண்டாக்கியது என்பதும், அந்தக் காலத்திலும் வெள்ளம் வந்ததே என்று கையை விரிப்பதும் ஒன்றுபோலவே தவறு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், புயல்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் அவை கொட்டும் மழை கனக்கிறது. இங்கு சிங்கப்பூரில், 2025 ஜனவரி 10, 11ஆம் தேதிகளில் சாங்கியில் பெய்த 255.2 மில்லிமீட்டர் மழை, அம்மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அதிகம். அதற்கு நேரடிக் காரணம் பருவக்காற்றின் எழுச்சி. வெப்பமாதலின் பங்கைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர்கள் ஆய்வாளர்கள்.

அந்தக் கணக்கு வரும்வரை காத்திருக்கலாம். மழை கொட்டும் நேரத்தில், பழைய வெள்ளப் படங்களை இன்றையவை என்று அனுப்பாமல், நீர் மட்டத்தையும் உதவி எண்களையும் மட்டும் பகிருமாறு வாசகர்களை வேண்டுகிறேன். என் அத்தையின் குரலை நாங்கள் கேட்க இரண்டு நாள் ஆயிற்று.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்