கலாவுக்கு, பெஞ்சமின் லே பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வீட்டுவேலைக்கு வரும் பெண்களும் அதே லிஃப்டில்தான் வருவார்கள் என்று நீ குடியிருப்புச் சங்கத்தில் பேசினாயே, "விஷயம் சரிதான் மேடம், பேசற விதம்தான் சரியில்லை" என்று உன்னை உட்கார வைத்தார்களே, அதைப் படித்ததும் எனக்கு பெஞ்சமின் லே நினைவுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாளாக அவரைப் பற்றித்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்தில் அடிமை முறையை எதிர்த்துக் கத்திய மனிதர். 1682-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாலடிக்குச் சற்று மேல் உயரம், முதுகில் கூன். கப்பலில் வேலை பார்த்துவிட்டு, மனைவி சாராவோடு பார்படோஸ் தீவில் கடை வைத்தார். அடிமைகள் பட்ட பசியையும் அடியையும் அங்கேதான் கண்ணால் பார்த்தார். 1732-ல் பிலடெல்பியாவுக்கு வந்தால், அவருடைய சொந்தக் கிறிஸ்தவச் சபையான குவேக்கர்களிலேயே வசதியானவர்கள் அடிமை வைத்திருக்கிறார்கள். கடவுளின் ஒளி எல்லா மனிதருக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லும் சபை! பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டோம் என்று சிறைக்குப் போன பரம்பரை!

முன்பு யாரும் மரியாதையாகக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. 1688-லேயே பிலடெல்பியா பக்கத்து ஜெர்மன்டவுனில் நாலு பேர், அடிமை முறை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சபையில் மாதக் கூட்டம், அதற்கு மேல் காலாண்டுக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேல் ஆண்டுக் கூட்டம். இது நாங்கள் முடிவு செய்கிற விஷயமில்லை என்று மாதக் கூட்டம் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. ஆண்டுக் கூட்டம் கிடப்பில் போட்டது. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய உனக்கு இதை நான் விளக்க வேண்டுமா? அந்தத் தாள் 1844-ல்தான் மறுபடி யார் கண்ணிலாவது பட்டது.

லே மனுவெல்லாம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பனி கொட்டும் நாளில் ஒரு கால் வெறுங்காலாகப் பனியில் புதைய, சபையின் வழிபாட்டுக் கூடத்து வாசலில் நின்றார். உடம்புக்கு ஆகாதே என்று பதறியவர்களிடம், குளிர்காலம் முழுக்க அரைகுறை உடையோடு உங்கள் வயலில் வேலை செய்கிறவர்கள் மேல் இந்த இரக்கம் எங்கே போயிற்று என்று கேட்டார். 1738-ல் பர்லிங்டன் ஊரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அதைவிட ஒரு படி மேலே போனார். குடைந்தெடுத்த புத்தகத்துக்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை, அங்கிக்குள் பட்டாள உடுப்பும் வாளும். எழுந்து, சக மனிதரை அடிமையாக்குகிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லிப் புத்தகத்தில் வாளைச் செருகினார். பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் சிவப்பு. தூக்கி வெளியே போட்டார்கள். சபையை விட்டும் ஒதுக்கி வைத்தார்கள்.

பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் அபிங்டனில் ஒரு குகையில் வீடு அமைத்துக்கொண்டார். தானே நூற்ற துணி, காய்கறிச் சாப்பாடு. அடிமை உழைப்பில் வந்த சர்க்கரையைத் தொடவே இல்லை. (காபியில் சர்க்கரை போடும்போது இப்போதெல்லாம் இவர் ஞாபகம் வந்து தொலைக்கிறது.) அடிமை வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளையை ஒரு நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, பெற்றவர்கள் தவித்து வந்ததும், நீங்கள் பிள்ளைகளைப் பிரித்து எடுத்து வந்தீர்களே அந்தத் தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாராம். இது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றுகிறது. குழந்தை என்ன செய்தது, பாவம்.

1737-ல் அடிமை முறையைத் திட்டி அவர் எழுதிய புத்தகத்தை அச்சடித்தவர், பின்னால் அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின். அச்சகத்தின் பெயரைப் போடவில்லை. பிராங்க்ளின் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். விவரமான ஆள்!

உனக்கு ஜான் வுல்மனைத்தான் பிடிக்கும், எனக்குத் தெரியும். அவரும் குவேக்கர்தான், நியூஜெர்சி தையல்காரர். அடிமை வைத்திருந்தவர்கள் வீட்டில் விருந்தாளியாகத் தங்கினால், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. 1758-ல் அவர் பேசியது ஆண்டுக் கூட்டத்தையே அசைத்தது. அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபைக் காரியங்களில் சேர்ப்பதில்லை என்று அன்றைக்கு முடிவானது. பெருமையெல்லாம் வுல்மனுக்கே போயிற்று. ஆனால் அந்த இருபது வருஷம் லே கத்தாமல் இருந்திருந்தால், வுல்மன் மெதுவாகச் சொன்னதுகூட அவர்கள் காதில் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் விழுந்திருக்கும் என்பது என் கட்சி. செய்தி கேட்டபோது லே படுத்த படுக்கை. இனி நிம்மதியாகச் சாகலாம் என்றாராம். 1759 பிப்ரவரியில் போய்விட்டார்.

அப்புறமும் வேகமாக ஒன்றும் நடக்கவில்லை. அடிமை வைத்திருப்பவர்களைச் சபையிலிருந்தே நீக்குவது என்று ஆனது 1776-ல். 1780-ல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது: இனி அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு விடுதலை உண்டு, ஆனால் 28 வயது வரை எஜமானிடம் வேலை செய்துவிட்டு! லே இருந்திருந்தால் மறுபடி வாளைத் தூக்கியிருப்பார்.

சங்கத்தில் அடுத்த கூட்டம் எப்போது? வாளெல்லாம் வேண்டாம், பேசுகிற விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளாதே. வுல்மன் கட்சி என்றால் காரணத்தோடு எழுது, சண்டை போடலாம். எங்கள் வீட்டில் மருமகளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. தையில் வீடு பார்க்க வரும்போது உன்னிடம்தான் தங்குவேன்.

அன்புடன்,
விஜயா