சருகுக்குத் தீ வைக்க வேண்டாம்

திருவட்டார்,
மாசி 3

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. முல்லை வெட்டு முடிந்த கையோடு நல்லமிளகு பறிப்பும் வந்துவிட்டதால் உட்கார்ந்து எழுத நேரமில்லை. மிளகு இப்போதுதான் காய்ந்து முடிந்தது. உன் பங்கைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

முதலில் உன் விளை விஷயத்தை, அதாவது தோட்டத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சருகையெல்லாம் கூட்டித் தீ வைத்துச் சுத்தம் பண்ணச் சொல்லி உன் தம்பி ஆள் அனுப்பியிருந்தான். நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீ ஏப்ரலில் வரும்போது விளை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். நல்ல மனசுதான், ஆனால் மாசி மாதத்தில் சருகை எரிப்பது மண்ணின் துணியை உருவுகிற மாதிரி. நீயும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லு மக்கா.

ஆப்பிள் மரம் உறங்கும்போதே கிளை கழித்தது, உருளைக்கிழங்கை முட்டை அட்டையில் அடுக்கி ஜன்னலோரம் முளைக்க வைத்தது, தக்காளி விதையை வீட்டுக்குள்ளேயே தொட்டியில் போட்டது எல்லாம் எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். அங்கே உறைபனி போகட்டும் என்று காத்திருக்கிறீர்கள். இங்கே நமக்குக் கணக்கு தண்ணீரோடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் குடித்து வைத்த ஈரத்தைக் கோடை மழை வரும்வரை எப்படிக் காப்பது என்பதுதான் தை, மாசி வேலை முழுவதும். ஜூன் 1 இல் திறந்த அணைத் தண்ணீரை வழக்கம்போல் பிப்ரவரி 28 ஆம் தேதியோடு அடைத்துவிடுவார்கள். சானலில் தண்ணீர் வரத்து நின்றுபோனால் நம் கிணறுகளும் கீழே இறங்கத் தொடங்கிவிடும். நம் சரல் மண்ணில் தண்ணீர் நிற்காது என்பது உனக்குத் தெரியாததல்ல. அதனால் இருக்கிற நாட்களுக்குள் ஒவ்வொரு மரத்தின் மூடும் நன்றாக நனைய வேண்டும், நனைந்த உடனே மூடியும் விட வேண்டும்.

உங்கள் தென்னைக்கு நான் செய்ய வைத்தது இதுதான். மரத்தைச் சுற்றிலும் சுமார் ஆறடி தூரத்துக்குக் களை பறித்து, தண்ணீர் விட்டு, மேலே தேங்காய் உரித்த கதம்பையைக் குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கியிருக்கிறோம். வெயில் மண்ணில் படாது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே சாலெடுத்துக் கதம்பையைப் புதைக்கவும் செய்தோம். அங்கே மட்டும் முறை மாறும்: குழிப்பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் மழை பெய்யும்போது ஒவ்வொன்றும் தண்ணீரை ஏந்திக்கொள்ளும். ஒரு தடவை புதைத்தால் ஐந்தாறு வருடம் பலன் இருக்கும். கயிறு ஆலைக்குக் கதம்பையைக் கேட்டு வந்தவர்களுக்கு இந்த வருடம் உன் விளையிலிருந்து கொடுக்கவில்லை, அந்தக் காசு வராது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கும்பப்பூ நெல் அறுவடை தொடங்கியதும் பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒரு வண்டி வைக்கோல் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதை ஏத்தன் வாழைக்குப் போட்டுவிடலாம்.

மேல்விளையில் ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து முடிந்தது. நீ அங்கே மொட்டை மரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பாய், ஆனால் நம்மூரில் மரம் இப்படி வெறும் கம்பாக நிற்பதைப் பார்க்க இந்த ஒரு சமயம்தான். பால்வெட்டை நிறுத்தியாயிற்று, தளிர் முற்றட்டும். செம்பு நிறத்தில் தளிர் வரத் தொடங்கிவிட்டது. விடிகாலைப் பனி தொடர்ந்தால் தளிரில் பொடிநோய் பிடிக்கும், அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் சருகை வாரவில்லை. பீடித்துண்டு விழுந்தாலும் பற்றிவிடும் என்பதால் பாதையோரம் மட்டும் கொஞ்ச அகலத்துக்குக் கூட்டி உள்ளே தள்ளியிருக்கிறோம்.

இந்தத் தளிருக்கு நான் காத்திருப்பதே தேனீக்களுக்காகத்தான். உனக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. ஒரு காம்பிலுள்ள மூன்று இலையும் அந்தக் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் முற்றி வரும்போது அவற்றில் தேன் கசியும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்காரர்களுக்கு வருடத்தின் பெரிய மகசூலே இந்த மாசி, பங்குனியில்தான். மழை விட்டதும் பெட்டிகளில் கூட்டம் பெருகியிருந்தது, பிரித்து வைத்தேன். இப்போது பெட்டிக்கு மேல் தேன் அறையும் வைத்தாயிற்று. எறும்பு ஏறாமல் தாங்கு காலுக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி வேலை. காலையில் அந்தப் பக்கம் போய் நின்றால் மரமெல்லாம் இரைகிறது ஜெயா, நீ கேட்க வேண்டும்.

அதனால்தான் உங்கள் மாமரத்துக்கு மருந்தடிக்கவும் நான் சம்மதிக்கவில்லை. நன்றாகப் பூத்திருக்கிறது. தத்துப்பூச்சியும் இருக்கிறது, அடியிலுள்ள இலைகளில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சாயங்காலம் தேனீ அடங்கின பிறகு வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்க வைத்தேன், உள்ளே இருட்டாக அடைத்திருந்த சில குச்சிகளையும் எடுத்தோம். பூ நிற்கும்போது மாமரத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது. பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு விடலாம். பலா எதுவும் கேட்கவில்லை, அடிமரத்திலேயே பிஞ்சு பிடித்துத் தொங்குகிறது.

சேனைக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆசை அதிகம். கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று உன் அம்மா சொல்வார்களே, அந்தக் கும்ப மாதம், நம் மாசி, பிறந்தாயிற்று. கிழங்கை ஒவ்வொரு துண்டிலும் நடு முளையில் ஒரு பங்கு இருக்கும்படி, ஒரு கிலோ அளவில் வெட்ட வேண்டும். முளையில்லாத துண்டு லேசில் முளைக்காது. சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் ஒன்றரை அடி. மேல்மண்ணையும் மக்கின சாணியையும் கலந்து நிரப்பி, கிழங்கை வைத்து மூடி, மேலே சருகைக் குவித்துவிட்டால் போதும். மண்ணுக்குள் அது பாட்டுக்குக் கிடக்கும். கோடை மழையின் முதல் தண்ணீர் பட்டதும் குருத்து நீட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டலாம். உங்கள் கிணற்றுக்குத் தெற்கே ஒரு வரிசை போடுகிறேன். சருகை எரித்திருந்தால் இதற்கு மூட எதைக் கொண்டு வருவது, நீயே சொல்லு.

சீமைக்கொன்னையை வேலியோரம் கழித்து, தழையை வாழை மூட்டில் போட்டாயிற்று. மரச்சீனிக் கிழங்குக் கம்பை நிழலில் நிமிர்த்தி சாத்தி வைத்திருக்கிறேன், மழை வந்தால் நடலாம். முல்லையை ஜனவரி கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டினோம். இப்போது பக்கமெல்லாம் துளிர்த்திருக்கிறது, நீ வரும்போது தலைக்குப் பூ இருக்கும். விஷுவுக்குக் கனி வைக்க வெள்ளரி போட்டிருக்கிறேன், கொடி ஓடத் தொடங்கிவிட்டது.

வீட்டு விஷயம் சொல்லவில்லையே. இவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை, இறக்கத்தில் மட்டும் கம்பு ஊன்றுகிறார். பேரன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறான், படித்துக்கொண்டே தேன்பெட்டி பக்கம் போய்விடுகிறான், நான் அதட்டுவதில்லை. நம் கூடப் படித்த தங்கம் மகளோடு நாகர்கோவிலுக்குக் குடிபோய்விட்டாள். அவளுடைய விளையை மனையாகப் பிரித்து விற்கிறார்கள். அந்தப் பெரிய அயனி மரத்தை வெட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் விளையும் கேட்டு ஆள் வருகிறது என்று உன் தம்பி சொன்னான். அது உங்கள் குடும்ப முடிவு, அதில் நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனாலும் நீ வந்து ஒரு தடவை நடந்து பார்த்த பிறகு முடிவெடு என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சீக்கிரம் பதில் வேண்டும். நல்லமிளகுக் கொடியின் அடியில் ஓடும் தண்டுகளை மண்ணில் வேர் பிடிக்காதபடி சுருட்டிக் கம்பில் கட்டி வைத்திருக்கிறேன். இந்த மாதமே இரண்டு மூன்று கணு வைத்து வெட்டிப் பையில் நட்டால்தான் ஆனி மழையில் மரத்தில் ஏற்றலாம். உங்கள் பலாவிலும் அயனியிலும் ஏற்ற வேண்டுமா? வேண்டுமென்றால் எத்தனை மூடு என்று சொல்லு, அந்தக் கணக்குக்குப் பை வாங்க வேண்டும். எழுத நேரமில்லையென்றால் போன் பண்ணு. காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
லீலா