கிணற்றுக்கு அப்புறம் நடந்த கதை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். போன மாதம் கல்யாண வீட்டில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உங்களிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். பத்துப் பதினைந்து பேர் முன்னால் நடந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தையும் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு யாரோ ஒரு பையன் போனில் ‘300’ படத்தின் கிணற்றுக் காட்சியைப் போட்டுக் காட்டினான். படம் தெரியாதவர்களுக்கு: தெர்மோபைலே கணவாயில் பாரசீக அரசன் செர்க்சஸின் பெரும்படையை எதிர்த்து நின்ற, கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடஸையும் அவனுடைய முந்நூறு வீரர்களையும் பற்றிய ஹாலிவுட் படம் அது. பணியச் சொல்லி வந்த செர்க்சஸின் தூதனை லியோனிடஸ் கிணற்றில் உதைத்துத் தள்ளுவதுதான் அந்தக் காட்சி. அவ்வளவுதான், வீடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அண்ணன், ‘சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கப்பா’ என்றான். தங்கச்சி, அது பாரசீகர்களைப் பேய் பிசாசாகக் காட்டுகிற படம், புனேயில் தன்னோடு ஹாஸ்டலில் இருந்த ஈரானியப் பெண் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள் என்றாள். நீங்கள், ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று ஆரம்பித்து, ‘அந்தக் கிணற்றுக்கு அப்புறம் என்ன நடந்தது தெரியுமா?’ என்று கேட்டீர்கள். நான் உங்களை முடிக்க விடவில்லை. ‘இது வரலாற்று வகுப்பு இல்லை சித்தப்பா’ என்று கத்திவிட்டேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தப் படம் வந்த முதல் நாளிலிருந்தே இப்படித்தான் ஆட்களைப் பிரித்திருக்கிறது. 2007 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியபோது பலர் எழுந்து போனார்கள், இருந்தவர்கள் முடிவில் கூச்சல் போட்டார்கள். அதே நாள் பொதுக் காட்சியில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மார்ச்சில் அமெரிக்காவில் வெளியாகி முதல் மூன்று நாளில் சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது. அதே மாதம், நவ்ரோஸ் புத்தாண்டு நெருங்கும் நேரத்தில், ஈரான் அரசு படத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிப்போனது நீங்கள்தான். கல்லூரி முதல் வருடம். வரலாற்றுப் படம் என்று நம்பி டிக்கெட் எடுத்தீர்கள். வெளியே வந்து டீக்கடையில் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இன்றைக்கு நான் கிராபிக்ஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து உருவங்களைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கிற ரோட்டோ, அவற்றை ஒரே படமாகச் சேர்க்கிற கம்போசிட்டிங் என்று கண் எரிய வேலை பார்க்கிறேன் என்றால், அதற்கு விதை அந்த இரண்டு மணி நேரம்தான்.

ஒரே ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். லியோனிடஸ் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்கிறான். கேமரா அவன் பக்கவாட்டிலேயே கூட வருகிறது. ஈட்டியால் குத்துகிறான், கேடயத்தால் அடிக்கிறான், ஈட்டியை எறிந்துவிட்டு வாளை உருவுகிறான். படத்தில் தெரிகிற மாதிரி ஒரு ‘கட்’ கிடையாது. ஆனால் படம் திடீரென்று அவன் முகத்துக்கு நெருங்கும், சட்டென்று பின்வாங்கும். வேகம் இழுபடும், அப்புறம் பாயும். வெவ்வேறு லென்ஸ் போட்ட மூன்று கேமராக்களை ஒன்றாக வைத்து, ஒரே நேரத்தில் அதிவேகத்தில் எடுத்து, பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தையல் தெரியாமல் தாவியிருக்கிறார்கள். அந்தத் தையலைத் தேடி எத்தனை முறை பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஏறக்குறைய முழுப் படமும் மாண்ட்ரியலில், ஒரு கட்டடத்துக்குள், நீலத் திரைக்கு முன்னால் எடுத்தது. குதிரைகள் வரும் ஒரு காட்சி மட்டும்தான் வெளியில். கடல், மலை, வானம் எல்லாம் என்னைப் போன்றவர்கள் பிறகு சேர்த்தவை. ஏன் அப்படி? படத்துக்கு மூலமான, ஃபிராங்க் மில்லர் 1998-இல் வரைந்த காமிக்ஸ் அப்படி இருந்ததால்தான். ஐந்து இதழ்களாக வந்தது. ஒவ்வொரு படமும் இரண்டு பக்கத்தையும் நிறைத்து அகலமாக விரியும். அதனால் தொகுத்துப் புத்தகமாகப் போட்டபோது படுக்கை வாட்டத்தில் அச்சடித்தார்கள். லின் வார்லி அதற்குப் பூசிய வண்ணத்தில் ரத்தச் சிவப்பும் மண் நிறமும்தான் முன்னால் நிற்கும். மில்லர் பக்கத்தில் பாதியைக் கறுப்பாகவே விட்டுவிடுவார். படத்திலும் நிறங்களைச் சரிசெய்கிற கலர் கிரேடிங்கில் கறுப்பை அப்படியே அழுத்தினார்கள், எங்கள் பேச்சில் ‘க்ரஷ்’. மார்புக் கவசம் இல்லாமல் வெற்று உடம்போடும் சிவப்புப் போர்வையோடும் ஸ்பார்ட்டாக்காரர்கள் சண்டைக்குப் போவதும் மில்லர் வரைந்ததுதான். நிஜத்தில் வெண்கலக் கவசம் போட்டவர்கள் அவர்கள்.

ஆகவே ‘எல்லாம் மிகை’ என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. மிகை அந்தக் கதையோடு பிறந்தது. இந்தப் போரை எழுதிவைத்த பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே பாரசீகப் படையில் போர்வீரர்கள் மட்டும் 26 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குப் போட்டவர். இன்றைய வரலாற்று ஆசிரியர்கள் யாரும் அதை ஏற்பதில்லை. என்னிடம் இன்னொரு வாதமும் இருந்தது. கதையைச் சொல்வது டிலியோஸ், ஒரு கண்ணை இழந்து ஊர் திரும்பிய வீரன். அடுத்த போருக்கு முந்தின இரவு படைக்கு வெறியேற்றச் சொல்கிறான். அவன் சொன்னால் எதிரி பூதமாகத்தான் இருப்பான், காண்டாமிருகம் வீடு உயரத்துக்குத்தான் இருக்கும். இயக்குநர் ஜாக் ஸ்னைடரும் இதைத்தான் சொன்னார். பதினைந்து வருடமாக இந்த வாதத்தை வைத்து எல்லாரையும் மடக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, கல்யாணத்திலிருந்து திரும்பிய பிறகு மனசு கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் கொடுத்த ஹெரோடோட்டஸ், அட்டை கழன்ற அந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, பரணில் கிடந்தது. ஏழாம் புத்தகத்தைப் பிரித்தேன். தெர்மோபைலேவுக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு பக்க ஓரத்தில் பென்சில் கோடு. பக்கத்தில் உங்கள் குண்டு குண்டான எழுத்தில் ஒரே சொல்: ‘தூது’.

அதைப் படித்தேன். கிணற்றில் தள்ளியது லியோனிடஸ் இல்லை, தள்ளப்பட்டவர்கள் செர்க்சஸின் தூதர்களும் இல்லை. அவன் அப்பா டேரியஸ் காலத்தில் நடந்தது. மண்ணும் நீரும் கொடுத்துப் பணியச் சொல்லி வந்தவர்களை, ‘அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கிணற்றில் போட்டார்கள். அதற்கு அப்புறம் ஸ்பார்ட்டாவில் பலி கொடுத்தால் நல்ல சகுனமே வரவில்லை. நாள் போகப் போக ஊர் நடுங்கியது. ஊர்க்கூட்டம் போட்டு, ஸ்பார்ட்டாவுக்காக உயிரைக் கொடுக்க யார் வருகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஸ்பெர்த்தியஸ், பூலிஸ் என்று இரண்டு பேர், நல்ல குடும்பத்துச் செல்வந்தர்கள், முன்வந்தார்கள். செத்த தூதர்களுக்கு ஈடாகத் தங்களைக் கொன்றுகொள்ளச் சொல்லி, பாரசீக அரசன் இருந்த சூசா நகரம் வரை போனார்கள். அதற்குள் செர்க்சஸ் அரசனாகியிருந்தான்.

சபையில் காலில் விழச் சொல்லிக் காவலர்கள் பிடித்து அழுத்துகிறார்கள். தலையைத் தரையில் வைத்து அமுக்கினாலும் விழமாட்டோம், மனிதனைக் கும்பிடுவது எங்கள் வழக்கமில்லை, அதற்காக வரவும் இல்லை என்கிறார்கள். வந்த காரணத்தைச் சொல்கிறார்கள். செர்க்சஸ் என்ன செய்தான்? தூதரைக் கொன்று எல்லா மனிதருக்கும் பொதுவான நெறியை ஸ்பார்ட்டா மீறியது, எதைக் குற்றம் என்கிறேனோ அதையே நான் செய்யமாட்டேன் என்று சொல்லி அவர்களை உயிரோடு அனுப்பிவிட்டான்.

சித்தப்பா, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தூதனைக் கொல்லாதே என்று அனுமனுக்காக ராவணனிடம் விபீஷணன் வாதாடும் இடத்தைச் சின்ன வயதில் மொட்டை மாடியில் எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அந்த நியாயம் இங்கே யார் வாயில் வருகிறது பாருங்கள். உடம்பெல்லாம் வளையம் குத்தி, ராட்சத உயரத்தில், ஊரையே மண்டியிட வைக்கும் அரக்கனாகப் படம் காட்டுகிற அதே செர்க்சஸ் வாயில். தியேட்டரில் நான் விசிலடித்த காட்சியின் அடுத்த பாதி இது. அன்றைக்கு டீக்கடையில் நீங்கள் பேசாமல் இருந்ததும், கல்யாண வீட்டில் பேச வந்ததும் இதைத்தான்.

அப்புறம் என் டிலியோஸ் வாதம். அவனுக்கு நிகரான ஆள் வரலாற்றில் அரிஸ்டோடெமஸ். கண் நோயால் சண்டையிலிருந்து விலக்கப்பட்டவன். அதே நோய் வந்த இன்னொருவன் யூரிட்டஸ், தன் அடிமையைக் கையைப் பிடித்து அழைத்துப்போகச் சொல்லிப் போர்க்களத்துக்குப் போய்ச் செத்தான். அரிஸ்டோடெமஸ் ஊர் திரும்பினான். அவனை யாரும் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கவில்லை. ‘நடுங்கி’ என்று பெயர் வைத்தார்கள். ஒருவரும் அவனோடு பேசவில்லை, அடுப்புப் பற்றவைக்க நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் பாரசீகர்களோடு நடந்த பிளாட்டியா போரில் வரிசையை விட்டு முன்னால் ஓடி, வெறிகொண்டு சண்டை போட்டுச் செத்தான். ஹெரோடோட்டஸ் அவனைத்தான் அங்கே மிகச் சிறந்த வீரன் என்கிறார். ஸ்பார்ட்டாக்காரர்களோ அவன் சாகவென்றே சண்டை போட்டான் என்று சொல்லி மரியாதை செய்ய மறுத்துவிட்டார்கள். கதை சொல்பவன் இந்த ஆளாக இருந்திருந்தால்! பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்டு நின்றவன் சொல்லும் கதையில் பூதங்கள் இன்னும் பெரிதாக வந்திருக்கும், அவற்றுக்கு ஒரு காரணமும் இருந்திருக்கும். இப்போது இருக்கிற டிலியோஸ் எனக்கு வெறும் சாக்காகத் தெரிகிறான்.

தங்கச்சியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவள் தோழி எழுந்து போனதில் தப்பே இல்லை. படத்தில் பாரசீகப் பக்கம் ஒரு மனித முகம் நின்று பேசுவதாக எனக்கு நினைவில்லை. பாரசீகர்களுக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த எஃபியால்ட்டஸுக்கு ஹெரோடோட்டஸ் ஊனம் எதுவும் சொல்லவில்லை. கூன் வைத்தது மில்லர். சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்குகிற ஸ்பார்ட்டாவின் நிலத்தை உழுத ஹெலட் அடிமைகளும் படத்தில் இல்லை. கிரேக்கர்களுக்கே எதிரியை இப்படிப் பார்க்கவேண்டிய கட்டாயம் இருந்ததில்லை. மாரத்தான் என்ற இடத்தில் பாரசீகர்களோடு சண்டை போட்ட நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸ், போர் ஓய்ந்து சில வருடங்களில், கி.மு. 472-இல், செர்க்சஸின் தாய் மகனுக்காகக் கலங்குவதை நாடகமாக எழுதி ஏதென்ஸ் மேடையில் ஏற்றினார்.

ஆனால் நான் முழுக்க உங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். நீங்கள் படம் அதிகம் என்கிறீர்கள். எனக்கு அது போதவில்லை. ஈட்டி பறக்கிற மாதிரி, ரத்தம் தெறிக்கிற மாதிரி, சூசா சபையில் இரண்டு பேர் தலை குனியாமல் நிற்பதையும் அதே கறுப்பிலும் சிவப்பிலும் இழுத்து இழுத்துக் காட்டியிருக்கவேண்டும். மூன்று கேமராவும் அரிஸ்டோடெமஸின் அணைந்த அடுப்புக்குப் போயிருக்கவேண்டும்.

எனக்குப் பிடித்த இன்னொரு காட்சி உண்டு. துணைக்கு வந்த, ஆர்க்கேடியா என்கிற இன்னொரு கிரேக்கப் பகுதிக்காரர்களைப் பார்த்து லியோனிடஸ் உன் தொழில் என்ன என்று கேட்பான். குயவன், சிற்பி, கொல்லன் என்பார்கள். தன் ஆட்களிடம் திரும்பிக் கேட்பான். முந்நூறு பேரும் ஈட்டியைத் தூக்கிக் கர்ஜிப்பார்கள். கடைசியில் அந்தத் தொழிலாளிகள் போய்விடுவார்கள், வீரர்கள் மட்டும் நிற்பார்கள். நிஜத்தில் கடைசி நாள் காலையில் ஸ்பார்ட்டாக்காரர்களோடு தெஸ்பியா என்கிற சின்ன ஊரைச் சேர்ந்த 700 பேரும் நின்றார்கள். போகமாட்டோம் என்று சொல்லி நின்று, எல்லாரும் செத்தார்கள். அவர்கள் ஊரை செர்க்சஸின் படை கொளுத்தியது. அடுத்த வருடம் பிளாட்டியாவுக்கு 1800 தெஸ்பியாக்காரர்கள் கனத்த ஆயுதம் எதுவும் இல்லாமல் வந்து நின்றார்கள். தெர்மோபைலேயில் லியோனிடஸுக்கு 1955-லேயே சிலை வைத்துவிட்டார்கள். தெஸ்பியாக்காரர்களுக்கு 1997-இல்தான் வைத்தார்கள். தலையில்லாத, ஒரு சிறகு ஒடிந்த வெண்கல உருவம்.

அந்த 700 பேர் வருகிற பக்கத்தில் உங்கள் கோடு இல்லை. நான் ஓரத்தில் பென்சிலால் ‘குயவர்?’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஊருக்கு வருகிறேன், புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொண்டுவருகிறேன். மில்லரின் காமிக்ஸும் பையில் இருக்கும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்