மூட்டுவலிக்கு முதுமை மட்டுமா காரணம்?

ஐயா,

என் தம்பி காட்பாடிப் பக்கம் ஒரு கல் அரவை ஆலையில் ஜல்லி சலித்தவன். நாற்பது வயதிலேயே காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. சட்டைப் பித்தான் போட்டுவிடுவது அவன் மனைவிதான். வாயுக் கோளாறு என்று தைலம் தேய்த்தே காலம் போனது. மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் முடக்குவாதம் என்று பிறகுதான் தெரிந்தது.

கல்தூசியிலுள்ள சிலிக்காவும் பீடிப் புகையும் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். (தம்பிக்குப் பீடியும் உண்டு.) பிரிட்டனின் வேல்ஸ் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் முடக்குவாதத்தோடு நுரையீரல் முடிச்சுகளும் இருந்ததை மருத்துவர் கப்லான் 1953-லேயே பதிவு செய்துவிட்டார். இங்கே மருத்துவ முகாமில் சளியைப் பார்க்கிறார்கள், விரல்களை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

தூசியை அடக்கும் தண்ணீர்த் தெளிப்பான் ஆலையில் உண்டு. அதிகாரி வரும் நாளில் மட்டும் ஓடும். அதிகாரிகள் ஒருநாள் சொல்லாமல் வரட்டும்.

- ஒரு வாசகி, காட்பாடி