சுவடிக் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

உ.வே.சாமிநாதையரின் சுவடிச் சேமிப்பு உருவான கதையைக் கும்பகோணத்தில் மூன்று நாள் காட்சிக்கு வைத்தோம். அட்டைகளைக் கழற்றியாயிற்று. நன்றிக்கடன்தான் பாக்கி.

முதலில் பெரியம்மாவுக்கு. "பூச்சி அரிச்சதக் கொண்டுபோய் என்னத்தக் காட்டப்போறே?" என்று கேட்டுக்கொண்டேதான் பரணிலிருந்த சுவடிக் கட்டைக் கொடுத்தார். அவிழ்க்கும்போதே கயிறு இற்று விழுந்தது. எலுமிச்சம்புல் எண்ணெய் தொட்டுத் துடைத்து மசி தடவியதும் எழுத்து மேலே எழும்பி வந்ததே, அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

அதைப் படித்துக் காட்டிய தமிழாசிரியர் ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஓலையில் புள்ளி கிடையாது. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கொடு'வா, 'கோடு'வா, 'கெரடு'வா என்று ஒரு வரியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் பார்த்தால் மாட்டு வாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல்! சீவக சிந்தாமணிக் காப்பியத்தை எதிர்பார்த்திருந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சிந்தாமணியின் கதை தொடங்கியதும் இதே ஊரில்தான். 1880இல், இவ்வூர்க் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் தம் வேலையை ஐயருக்கு வாங்கித் தந்தார். அதே ஆண்டு, இங்கே முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஐயரை ஊர் ஊராக, மடம் மடமாக ஏடு தேட வைத்தது. 1887இல் நூல் அச்சாயிற்று. செட்டியாரின் நினைவாக ஐயர் பெயர் வைத்த திருவல்லிக்கேணி வீடு, 'தியாகராச விலாசம்', 2012இல் இடிபட்டது. அதன் பழைய படத்தைத் தேடித் தந்த நண்பருக்குத் தனி நன்றி.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். ஐயர் மறைந்தது 1942இல். அவர் சுவடிகளைக் கொண்டு ருக்மிணி தேவி அருண்டேல் நூல்நிலையம் தொடங்கியது 1943இல். அட்டையில் இரண்டுக்கும் 1942 என்றே போட்டுவிட்டேன். முதல் நாளே சுட்டிக்காட்டிய மாணவிக்கும், காசு வாங்காமல் மறுபடி அச்சடித்துத் தந்த தம்பிக்கும் நன்றி.

ஏடு தந்தவர்களின் பெயர்களை ஐயர் முன்னுரையில் ஒவ்வொன்றாக எழுதிவைப்பார். நானும் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். நீங்கள்தான் "பேரெல்லாம் வேண்டாம்" என்றுவிட்டீர்கள்.

பெரியம்மாவின் கட்டுக்குப் புதுக்கயிறு கோத்து, வசம்பு வைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன மருந்து என்று அதில் இருக்கிறதா, ஆசிரியரைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவுக்காக