காதில் விழுந்த கதையா பீட் எழுதியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நாட்காட்டியின் வரலாறு பற்றிய கட்டுரையில், எட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவியும் அறிஞருமான பீட் பற்றி ஒரே ஒரு வரி வந்திருந்தது: "மடத்துக்குள் அடைந்து கிடந்து, காதில் விழுந்த கதைகளை எழுதி வைத்த துறவி." பணி ஓய்வு வரை பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

அவர் 731இல் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றின் முன்னுரை தாங்கள் அறியாதது அல்ல. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் செய்திகளைத் தந்தவர் கான்டர்பரி மடாதிபதி ஆல்பினஸ்; ரோமுக்குப் போய் போப்பின் ஆவணங்களில் தேடிக் கடிதங்களைப் பிரதி எடுத்து வந்தவர் லண்டன் குருவான நோத்தெல்ம். இப்படி யார் எதைச் சொன்னார்கள் என்று பெயர் போட்டு எழுதிய மனிதர் அவர். தங்கள் வரலாற்றுப் பக்கத்தில் செய்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருமுறையாவது போட்டிருக்கிறீர்களா?

அடைந்து கிடந்தாராம். ஏழு வயதில் உறவினர்கள் அவரைக் கொண்டுவந்து விட்ட வட இங்கிலாந்தின் வேர்மவுத் - ஜாரோ மடம், இத்தாலியத் துறவி புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கைப் பெரிதும் தழுவியது. மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்காப் வேறொருவர்; ரோமுக்குத் திரும்பத் திரும்பப் பயணம் போய்ப் புத்தகங்களைச் சேர்த்து வந்தவர். அந்த நூலகத்தில் உட்கார்ந்துதான், ஒரே கடற்கரையிலும் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓதம் ஏறும் நேரம் மாறும் என்று பீட் 725இல் காலக் கணக்கு பற்றிய தன் நூலில் எழுதினார். பூமி கேடயம்போல் வட்டத் தட்டு அல்ல, பந்துபோல் உருண்டை என்பதும் அதே நூலில் இருக்கிறது. கொலம்பஸ் வரும்வரை ஐரோப்பா பூமியைத் தட்டை என்றே நம்பியதாகத் தாங்கள் முன்பு எழுதினீர்கள். மறுத்து நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. அப்புறம் கேள்வி - பதில் பகுதியில், கி.பி. கணக்கைக் கண்டுபிடித்தவரே பீட் என்று வந்தது. அதை 525இல் வகுத்தவர் ரோமில் இருந்த துறவி டயோனிசியஸ் எக்சிகுவஸ். வரலாற்று நூலில் கையாண்டு பரவச் செய்தவர் பீட். அதற்கும் எழுதினேன், பதில் இல்லை.

எனக்கு அதிகம் வலிப்பது, அவர் ஒரு வாத்தியார் என்பதை யாருமே சொல்லாததுதான். அந்த 725ஆம் ஆண்டு நூல் தொடங்குவதே விரல் கணக்கில். இடது கைச் சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கை நடுவில் வைத்தால் ஒன்று. மோதிர விரலும் மடங்கினால் இரண்டு, நடுவிரலும் சேர்ந்தால் மூன்று. சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தினால் நான்கு. இப்படியே பத்து லட்சம் வரை போகும். ஏழாம் வகுப்பில் இதைச் செய்து காட்டினேன். வாய்பாடு என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் கடைசி பெஞ்சுப் பையன், மறுநாள் வாசலிலேயே என்னை நிறுத்தித் தன் இடது கையை நீட்டி எண்களைக் காட்டினான். பிள்ளைகளோடு பழகாத ஒருவர் இப்படி ஒரு பாடம் எழுதியிருக்க முடியாது.

734இல் அவர் யார்க் நகர ஆயர் எக்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். லத்தீன் தெரியாதவர்களுக்கு ஜெபங்களைத் தாய்மொழியிலேயே சொல்லிக்கொடுங்கள் என்கிறார். எட்டாத ஊர்களில் காணிக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, போதிக்க அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத ஆயர்களையும் கண்டிக்கிறார். உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி நாட்களிலும் யோவான் நற்செய்தியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஒரு சிறுவன் எழுதினான். பெட்டியில் வைத்திருந்த மிளகையும் சாம்பிராணியையும் மடத்துக் குருக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த மனிதருக்குத் தாங்கள் கொடுத்தது ஒரு வரி. செப்டம்பர் 5 வந்தால் மட்டும் ஆசிரியர்களைப் போற்றி முழுப்பக்கம்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அவர் இறந்த ஆண்டு 753 என்று அச்சாகியிருக்கிறது, அது 735. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள், இணையப் பதிப்பிலும் மாற்றுங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே நோட்டில் எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திண்டுக்கல்